சுவரை விட்டு இறங்கிய சித்திரம்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - கணிதம்)

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம்மவர் பழமொழி. உடல் நலத்தைப் பேணச் சொல்லும்போது பெரியவர்கள் இதை எடுத்துக்காட்டுவார்கள். எனக்கோ இது வெறும் பழமொழியன்று. எங்கள் குடும்பத்தின் பிழைப்பே சுவரை நம்பித்தான் இருக்கிறது. என் தந்தை வீடுகளுக்கு வண்ணம் பூசும் தொழிலாளி. பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் அடித்து, அதன்மேல் இரண்டு கை எமல்ஷன் ஓட்டினால்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரியும். விடுமுறை நாட்களில் நானும் அவருடன் வேலைக்குச் செல்வதுண்டு. எங்கள் பரம்பரையில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆயினும் சாரத்தில் ஏறிவிட்டால் நான் அவருக்கு எடுபிடிதான்!

சென்ற கோடை விடுமுறையில் ஒரு புதிய அடுக்குமாடிக் குடியிருப்பில் எங்களுக்கு வேலை கிடைத்தது. வீட்டுக்காரர் நல்லவர். வேளை தவறாமல் தேநீர் கொடுத்தார். உணவு மேசைக்குப் பக்கத்துச் சுவரைக் காட்டி, தம் கைப்பேசியிலிருந்த ஒரு படத்தையும் காட்டினார். படத்தின் ஒரு பாதி வெள்ளை, மறு பாதி கறுப்பு. கறுப்புப் பகுதியில் ஒரு வெள்ளை வட்டம். அந்த வட்டத்தைக் கிழித்துக்கொண்டு உள்ளே பாயும் ஒரு சிவப்பு முக்கோணம். சுற்றிலும் சில சிறு கட்டங்கள், கோடுகள்.

"இதுக்கு ரஷ்யன் ஸ்டைல்னு பேரு. இப்ப வீட்டுக்கு இதுதான் மாடர்ன். அப்படியே வருமா பெயிண்டரே?" என்று கேட்டார்.

"அளவு மட்டும் சொல்லுங்க சார், வந்துடும்" என்றார் என் தந்தை.

வந்தது. ஆணி அடித்து, நூல் கட்டி, நூலின் நுனியில் பென்சிலைப் பிணைத்து ஒரே சுற்றில் வட்டம் வரைந்தார். 3 அடி, 4 அடி, 5 அடி என்று அளந்து செங்கோணத்தைச் சரிபார்த்தார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். பிதாகரஸின் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. மாஸ்கிங் டேப் ஒட்டி, மூன்று நாட்கள் பொறுமையாக வண்ணம் ஏற்றினோம். கடைசியில் டேப்பை உரித்தபோது கோடுகள் கத்தியால் சீவியதுபோல் நின்றன. என் தந்தை நாலடி பின்னால் சென்று, வழக்கத்தை விடச் சற்று அதிக நேரம் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று மாலை வந்த விருந்தினர்கள் சுவரை வியந்தார்கள். படத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்த அலங்கார நிபுணரின் பெயரை வீட்டுக்காரர் பெருமையோடு சொன்னார். சுவருக்குக் கீழே உட்கார்ந்து, தரையில் தெறித்த வண்ணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவரைப் பற்றி எவரும் கேட்கவில்லை. அதில் யாரையும் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால், அந்த முக்கோணம் எங்கிருந்து வந்தது என்று அறியும் ஆவல் மட்டும் என்னை விடவில்லை. கல்லூரி திறந்ததும் நூலகத்தில் தேடினேன். ஆங்கிலக் கலை வரலாற்று நூல்களை அகராதியின் துணையோடு படித்தேன். படிக்கப் படிக்க எனக்கு ஒரு பக்கம் சிரிப்பும் மறுபக்கம் திகைப்பும் ஏற்பட்டன.

வீட்டை அழகுபடுத்த அந்த ருஷ்யக் கலைஞர்களிடமிருந்து முக்கோணத்தையும் வட்டத்தையும் எடுத்துக்கொள்கிறோம். ஆனால் அவர்கள் எதற்காக முக்கோணத்தையும் வட்டத்தையும் கையில் எடுத்தார்களோ, அந்தக் காரணத்தை அங்கேயே விட்டுவிட்டு வருகிறோம். இதுவே என் கருத்து. இதை நிறுவ முயல்கிறேன்.

போர்க்களத்து முக்கோணம்

நாங்கள் சுவரில் தீட்டிய படத்தின் மூலம், எல் லிசீத்ஸ்கி என்ற ருஷ்யக் கலைஞர் 1919-இல் உருவாக்கிய ஒரு சுவரொட்டி. "வெள்ளையரைச் சிவப்பு ஆப்பால் அடியுங்கள்" என்பது அதன் பெயர். அப்போது ருஷ்யாவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. புரட்சியை எதிர்த்த படைகளுக்கு வெள்ளையர் என்று பெயர். புரட்சி அரசின் படை செஞ்சேனை. வெள்ளை வட்டத்தைப் பிளக்கும் சிவப்பு முக்கோணம் அந்தப் போரின் அழைப்பு. எழுத்தறியாத மக்கள் மிகுந்திருந்த நாட்டில், பார்த்தவுடன் புரியும்படி வடிவத்தாலேயே பேசிய படம் அது. அந்தப் போரில் மாண்டவர்கள் பல லட்சம் பேர். அதன் அறைகூவல்தான் இன்று நம் ஊர் உணவு மேசைக்கு அருகில், சாம்பார் மணத்தினூடே அமைதியாகக் கொலுவிருக்கிறது!

இந்தக் கலையின் பிறப்பைப் பற்றிச் சில செய்திகளை அறிவது நன்று. 1915 டிசம்பரில், அப்போது பெத்ரோகிராத் எனப்பட்ட நகரத்தில் ஓர் ஓவியக் கண்காட்சி நடந்தது. அதில் கசிமீர் மாலேவிச் என்ற ஓவியர் 'கறுப்புச் சதுரம்' என்னும் படத்தை வைத்தார். படத்தில் மனிதரில்லை, மரமில்லை, மலையில்லை. வெள்ளைத் தளத்தில் ஒரு கறுப்புச் சதுரம் மட்டுமே இருந்தது. அதைவிட வியப்பு, அதை அவர் மாட்டிய இடம். ருஷ்யக் குடும்பங்களில் அறையின் ஒரு மூலையில், கூரையை ஒட்டித் தெய்வப் படத்தை வைப்பது வழக்கம். உள்ளே நுழைகிறவர் முதலில் அந்த மூலையை வணங்குவார். மாலேவிச் தம் சதுரத்தைச் சரியாக அத்தகைய மூலையில் மாட்டினார். அறையில் ஒரு படம் எங்கே இருக்கிறது என்பதே அதன் பொருளில் பாதி என்பதை அவர் அறிந்திருந்தார்.

அதே கண்காட்சியில் விளாதிமிர் தாத்லின் என்ற மற்றொருவரும் மூலையைத்தான் பிடித்தார். ஆனால் அவர் படம் மாட்டவில்லை. இரும்பு, செம்பு, மரம், கம்பி ஆகியவற்றை இணைத்து, மூலையின் இரு சுவர்களுக்கும் இடையே இழுத்துக் கட்டினார். இரும்பை இரும்பாகவே காட்டினார்; மரத்தை மரமாகவே விட்டார். மாலேவிச்சின் வழி தூய உணர்வை நாடியது. தாத்லினின் வழி பொருளை நாடியது. இந்த இரண்டாவது வழியிலிருந்தே 'கன்ஸ்ட்ரக்டிவிசம்' என்னும் கட்டுமானவாதம் கிளைத்தது. இன்று கடைகளில் சட்டமிட்டு விற்கும் படங்களில் இவ்விரண்டையும், ஜெர்மனியின் பௌஹௌஸ் பள்ளியையும் சேர்த்துக் குழைத்து ஒரே பெயரில் கொடுத்துவிடுகிறார்கள். வண்ணங்களைக் குழைக்கலாம், கருத்துகளைக் குழைத்தால் எஞ்சுவது கலங்கல்தான்.

சுவரை விட்டு இறங்கினார்கள்

1921 மார்ச்சில் மாஸ்கோவில் அலெக்சாந்தர் ரோத்செங்கோ, வர்வாரா ஸ்தெபானவா, அலெக்சேய் கான் முதலியோர் கூடிக் கட்டுமானவாதிகளின் முதற் குழுவை அமைத்தார்கள். அவர்களுடைய கொள்கை கடினமான சொற்களில் இருந்தாலும், சாரம் மூன்று கேள்விகளில் அடங்கிவிடும். இந்தப் பொருள் எதனால் ஆனது? எப்படி இணைக்கப்பட்டிருக்கிறது? யாருடைய, எந்தத் தேவைக்காக?

அதே ஆண்டு செப்டம்பரில் ஒரு கண்காட்சி நடந்தது. ஐந்து கலைஞர்கள், ஆளுக்கு ஐந்து படைப்புகள்; ஆதலால் அதன் பெயரே '5x5=25'. கணித மாணவனாகிய எனக்கு இப்பெயர் மிகவும் பிடித்துப்போனது. அதில் ரோத்செங்கோ மூன்று படங்களை வைத்தார். ஒன்று முழுதும் சிவப்பு. ஒன்று முழுதும் மஞ்சள். ஒன்று முழுதும் நீலம். ஓவியத்தைக் கூட்டிக் கழித்து வகுத்துப் பார்த்ததில் எஞ்சிய மூல எண்கள் இவ்வளவுதான், இனிச் சட்டத்துக்குள் தீட்டி மாட்டுவதற்கு ஒன்றுமில்லை என்பது அவர் முடிவு. நவம்பரில் அவருடைய தோழர்கள் பலரும் சட்டமிட்ட ஓவியத்தைக் கைவிட்டு, உற்பத்திக்குள் நுழைவது என்று தீர்மானித்தார்கள்.

நண்பர்களே, இங்குதான் சற்று நின்று எண்ண வேண்டும். சுவரில் மாட்டும் படம் முடிந்துவிட்டது என்று அறிவித்தவர்களின் படங்களைத்தான் நாம் சுவரில் மாட்டிக்கொண்டிருக்கிறோம்!

சரி, சுவரை விட்டு இறங்கியவர்கள் எங்கே போனார்கள்? தொழிற்சாலைக்குப் போனார்கள். 1923-24 ஆண்டுகளில் ஸ்தெபானவாவும் லியுபோவ் பொப்போவாவும் மாஸ்கோவின் முதல் அரசுத் துணி அச்சு ஆலைக்காக வடிவங்கள் வரைந்தார்கள். அதுவரை துணியில் பூவும் கொடியும் இருந்த இடத்தில், அளவுகோலும் கவராயமும் கொண்டு வரைந்த வட்டங்களும் பட்டைகளும் வந்தன. ஸ்தெபானவா வரைந்த வடிவங்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை. இரண்டு டஜன் அளவில் துணியாக அச்சேறின. தாம் வரைந்த துணியை ஓர் உழவர் பெண்ணோ தொழிலாளிப் பெண்ணோ வாங்கிச் செல்வதைக் கண்ட மகிழ்ச்சி வேறெந்தக் கலை வெற்றியிலும் தமக்குக் கிடைத்ததில்லை என்று பொப்போவா கூறியதாக, அவர் மறைவுக்குப் பின் எழுதியிருக்கிறார்கள். அந்த மறைவோ கொடியது. 1924 மே மாதத்தில், செங்காய்ச்சலால் முதலில் அவருடைய சிறு மகனும், சில நாட்களில் அவரும் இறந்தனர். அப்போது அவருக்கு வயது 35.

தாத்லினைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1920-இல் அவர் ஒரு மாபெரும் கோபுரத்தின் மாதிரியைக் காட்சிக்கு வைத்தார். 400 மீட்டர் உயரம். பாரிசின் ஐபெல் கோபுரத்தையும் விஞ்சும் திட்டம். இரும்புச் சுருளுக்குள் கண்ணாடி அறைகள் ஒன்று ஆண்டுக்கு ஒருமுறையும், ஒன்று மாதத்திற்கு ஒருமுறையும், ஒன்று நாளுக்கு ஒருமுறையும் சுழல வேண்டும் என்பது கனவு. அக்கோபுரம் எழவேயில்லை. அதே தாத்லின்தான் 1923-24 அளவில் குறைந்த விறகில் மிகுந்த வெப்பம் தரும் ஓர் அடுப்பையும், குளிருக்கேற்ற எளிய உடுப்பையும் வடிவமைத்தார். வானை முட்டும் கோபுரத்தை நினைத்த அறிவு, ஓர் ஏழைப் பெண்ணின் அடுப்படிக்கு இறங்கி வந்ததை நான் இறக்கமென்று கருதவில்லை, ஏற்றமென்றே கருதுகிறேன். கோபுரத்தின் படத்தை இன்று வீட்டில் மாட்டுகிறவர்கள் உண்டு. அடுப்பைப் பற்றிப் பேசுவார் இல்லை.

அறை ஒரு கருவி

"அப்படியானால் வீட்டின் உட்புறத்தைப் பற்றி அவர்களுக்கு அக்கறையே இல்லையா?" என்று கேட்கலாம். உண்டு; நம்மைவிட மிகுதியாகவே உண்டு. ஆனால் அவர்கள் சுவரிலிருந்து தொடங்கவில்லை. அந்த அறையில் இருக்கப்போகும் மனிதரிடமிருந்து தொடங்கினார்கள்.

1925-இல் பாரிசில் நடந்த அலங்காரக் கலைகளின் உலகக் கண்காட்சியில், ரோத்செங்கோ ஒரு தொழிலாளர் மன்றத்தின் அறையை அமைத்தார். மற்ற நாடுகள் பட்டும் பளிங்கும் கருங்காலியும் கொண்டு அறைகளை ஜோடித்தன. இவர் எளிய மரத்தில், சிவப்பு, வெள்ளை, சாம்பல், கறுப்பு என நான்கே நிறங்களில் அறையை முடித்தார். நீண்ட படிப்பு மேசையின் பலகையைச் சாய்த்தால் படிக்கலாம், சமமாக்கினால் எழுதலாம். சதுரங்க மேசையோடு இரண்டு இருக்கைகளும் இணைந்திருந்தன. வேண்டும்போது விரித்து, வேண்டாதபோது மடக்கும்படி பல சாமான்கள். வேலை முடித்து வரும் தொழிலாளி படிக்கவும், கூடிப் பேசவும், விளையாடவும் அந்த அறை. அங்கே அழகு இல்லையா? இருந்தது. ஆனால் அது பலகையின் கீலில் இருந்தது, மடிப்பில் இருந்தது, இடத்தை வீணாக்காத கணக்கில் இருந்தது.

சுவரை அவர்கள் வெறுத்தார்கள் என்றும் எண்ணிவிட வேண்டாம். லிசீத்ஸ்கி 1927-28-இல் ஜெர்மனியின் ஹனோவர் நகர அருங்காட்சியகத்தில், புதிய ஓவியங்களை வைப்பதற்கென ஓர் அறையை அமைத்தார். சாம்பல் நிறச் சுவரில் மெல்லிய உலோகப் பட்டைகளை வரிசையாக, செங்குத்தாகப் பொருத்தினார். ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் கறுப்பு. இடப்புறமிருந்து பார்த்தால் ஒரு நிறம். நேரே நின்றால் சாம்பல். வலப்புறம் சென்றால் மற்றொரு நிறம். பார்ப்பவர் நடந்தால் சுவரும் உடன் மாறியது. சில படங்களைப் பார்வையாளரே கையால் நகர்த்தி மறைக்கவும் திறக்கவும் முடிந்தது. பார்ப்பவனைச் சும்மா நிற்கவிடாத சுவர் அது. 1937-இல் நாஜிகள் அந்த அறையைக் கலைத்தார்கள். 1968-இல் அது மீண்டும் உருவாக்கப்பட்டது. இன்றும் ஹனோவரில் காணலாம்.

மாஸ்கோவில் 1928 முதல் 1930 வரை, நிதித்துறை ஊழியர்களுக்காக நர்கோம்பின் என்ற குடியிருப்பை மோய்சேய் கின்ஸ்புர்க்கும் இக்னாத்தி மிலீனிசும் கட்டினார்கள். வீடுகள் சிறியவை, சமையலும் உணவும் பொதுக் கூடத்திலும் நடக்க வகை செய்தார்கள். அதன் உட்புற நிறங்களை வகுக்க பௌஹௌஸ் பள்ளியின் சுவர் வண்ண ஆசிரியர் ஹின்னெர்க் ஷேப்பர் உதவினார். சிறிய அறை நெருக்கமாகத் தோன்றாமலிருக்க எந்த நிறத்தைக் கூரைக்குக் கொடுப்பது, எதைச் சுவருக்குக் கொடுப்பது என்றெல்லாம் ஆராய்ந்தார்கள். இச்செய்தியைச் சொன்னபோது என் தந்தை வியப்படையவில்லை. "சின்ன ரூமுக்கு மேலே அழுத்தமான கலர் அடிச்சா தலையில இடிக்கிற மாதிரி இருக்கும்டா, இதுக்கா ஆராய்ச்சி?" என்றார். எழுதப்படாத ஆராய்ச்சி எத்தனை கைகளில் இருக்கிறதோ என்று நான் எண்ணிக்கொண்டேன்.

என் பாடத்திலிருந்தும் ஒரு சான்று தருகிறேன். இதே காலத்தில், 1922-இல், விளாதிமிர் ஷுக்கோவ் என்ற பொறியாளர் மாஸ்கோவில் ஒரு வானொலிக் கோபுரம் எழுப்பினார். அவர் அந்தக் குழுவைச் சேர்ந்தவரல்லர். ஆயினும் அவர்கள் கொண்டாடிய சிக்கனத்தின் உருவமாக அக்கோபுரம் நிற்கிறது. 350 மீட்டர் உயரத்திற்குத் திட்டமிட்டார்; இரும்புத் தட்டுப்பாட்டால் சுமார் 150 மீட்டரோடு முடித்தார். இடுப்புச் சிறுத்த வளைந்த உருவம். ஆனால் அதிலுள்ள கம்பங்களோ நேரானவை. அதிபரவளையத்தை அச்சில் சுழற்றினால் கிடைக்கும் பரப்பை நேர்கோடுகளாலேயே உண்டாக்கலாம் என்பதை இரண்டாம் ஆண்டு கணித வகுப்பில் நாம் நிறுவுகிறோம் அல்லவா? அதேதான். நம் வீடுகளில் கிடக்கும் பிரம்பு மோடாவை உற்றுப் பாருங்கள். நேரான பிரம்புகளைச் சாய்த்துச் சாய்த்துக் கட்டியதால் நடுவில் இடுப்புச் சிறுத்திருக்கும். ஓர் ஆளின் எடையையும் தாங்கும். வடிவ கணிதம் சுவரில் தொங்கினால்தான் கலையா? நாம் உட்காரும் மோடாவில் இருந்தால் ஆகாதா?

எதிர்க் கேள்விகள்

என் கருத்தை மறுப்பவர்கள் சொல்லக்கூடியவற்றையும் நேர்மையாக எண்ணிப் பார்த்தேன்.

முதலாவது, "பயன் ஒன்றே போதுமா? கண்ணுக்கு இனிமை வேண்டாமா?" வேண்டும். எங்கள் வீட்டில் மளிகைக் கடையில் கொடுத்த முருகன் படக் காலண்டர் இருக்கிறது. ஆண்டு முடிந்தும் என் அன்னை அதை எடுக்கவில்லை. தேதிகளைக் கிழித்துவிட்டுப் படத்தை மட்டும் வைத்திருக்கிறார். அதனால் என்ன பயன் என்று கேட்கும் துணிவு எனக்கில்லை, கேட்பது அறிவுடைமையுமன்று. சட்ட ஓவியம் செத்துவிட்டது என்று ரோத்செங்கோ சொன்னது மிகை. டேப்பை உரித்ததும் என் தந்தையின் முகத்தில் நான் கண்ட மகிழ்ச்சி பொய்யன்று. நேரான கோட்டுக்கும் நிறைவான வட்டத்துக்கும் தமக்கென்று ஓர் இன்பம் உண்டு. ஆகவே, படம் மாட்டாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. மாட்டுவதை அறிந்து மாட்டுங்கள் என்கிறேன். படத்தோடு அலங்காரம் முடிந்துவிட்டதாக எண்ணாதீர்கள் என்கிறேன்.

இரண்டாவது, "அவர்களே தோற்றவர்கள்தாமே?" உண்மை. கோபுரம் எழவில்லை. பாரிசில் வைத்த மன்ற அறை ஊருக்கு ஊர் பரவவில்லை. தொழிலாளிகளுக்காகப் பேசிய கலைஞர்களின் நூல்களை எல்லாத் தொழிலாளிகளும் புரிந்துகொண்டார்கள் என்றும் சொல்வதற்கில்லை. அதிகாரத்தின் பிரசாரத்துக்கும் அவர்கள் தங்கள் கலையைக் கொடுத்தார்கள். அந்த அதிகாரமே பின்னர் அவர்களைத் தள்ளிவைத்தது. அவர்கள் கற்பித்த வ்ஹுத்தெமாஸ் என்னும் மாஸ்கோ கலைப் பள்ளி 1920-இல் தொடங்கி 1930-இல் மூடப்பட்டது. 1932-இல் தனித்தனிக் கலைக் குழுக்களை அரசு கலைத்தது. செஞ்சேனைக்கும் அரசுக்கும் எத்தனையோ சுவரொட்டிகள் செய்த குஸ்தாவ் குளுத்சிஸ் 1938-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். நர்கோம்பின் கட்டடம் பல ஆண்டுகள் பாழடைந்து கிடந்து, கின்ஸ்புர்க்கின் பேரனாலேயே 2020-இல் புதுப்பித்து முடிக்கப்பட்டது. எளிய ஊழியர்களுக்கென எழுந்த வீடுகள் இன்று விலையுயர்ந்தவை. இவ்வளவு துன்பமும் முரணும் அந்த முக்கோணத்துக்குப் பின்னால் இருக்கின்றன. தோற்றார்கள் என்பதால் அவர்கள் கேட்ட கேள்வி தோற்றுவிடாது. விடை தவறிய கணக்கிலும் வினா சரியாக இருக்கலாம்.

மூன்றாவது கேள்வியை என் வகுப்புத் தோழன் கேட்டான். "உன் அப்பாவுக்குக் கூலி வந்தது. அவர்களுக்குச் சுவர் அழகானது. இதில் உனக்கென்னடா வருத்தம்?" இதற்குத்தான் எனக்கு நெடுநேரம் விடை கிடைக்கவில்லை. கடைசியில் கிடைத்தது இதுதான். கலைஞன் வேறு, தொழிலாளி வேறு என்ற சுவரை இடிக்க வந்த இயக்கம் அது. வரைபவனும் செய்பவனும் ஒருவனே ஆகவேண்டும், வரைபவனைப் போலவே செய்பவனுக்கும் மதிப்பு வேண்டும் என்பது அவர்களுடைய ஆசை. அந்த ஆசையின் அடையாளத்தையே சுவரில் தீட்டிவிட்டு, தீட்டியவனை அதே சுவருக்குக் கீழே காணாமல் விடும்போது, படம் மட்டுந்தான் ருஷ்யாவிலிருந்து வந்திருக்கிறது என்று ஆகிறது. என் தந்தையை யாரும் வணங்க வேண்டாம். "வட்டத்தை எப்படிப் போட்டீர்கள்?" என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும். அவர் மகிழ்ந்து சொல்லியிருப்பார்.

நாம் செய்யக்கூடியது

குறை சொல்வது எளிது. செய்து காட்டுவதே கடினம். எனவே நான் செய்த ஒரு சிறு காரியத்தைச் சொல்லி முடிக்கிறேன்.

எங்கள் வீடு ஒரே அறை. பத்துக்குப் பன்னிரண்டு. நாங்கள் நால்வர். உட்கார்ந்து எழுத மேசை போட்டால் படுக்க இடமிருக்காது. ரோத்செங்கோவின் மன்ற அறையைப் படித்த பிறகு, வேலை நடந்த ஓர் இடத்தில் எஞ்சிய பிளைவுட் துண்டைக் கேட்டு வாங்கி வந்தோம். இரண்டரை அடிக்கு ஒன்றரை அடி. நானும் என் தந்தையும் அதைச் சுவரில் இரண்டு கீல்களால் பொருத்தி, இரு பக்கமும் சங்கிலி போட்டோம். இறக்கினால் மேசை; ஏற்றிக் கொண்டி போட்டால் சுவரோடு சுவர். அடிப்பக்கத்துக்கு, மீந்திருந்த சிவப்பு எனாமலை என் தந்தை இரண்டு கை அடித்தார். ரசமட்டம் வைத்துப் பார்த்தார்; ஒரு நூல்கூடச் சாயவில்லை. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் தங்கை இப்போது அதில்தான் எழுதுகிறாள். இக்கட்டுரையும் அதன்மேல் எழுதப்பட்டதுதான்.

மேசையை முதன்முறை மடக்கிவைத்தபோது, வெள்ளைச் சுவரில் ஒரு சிவப்புச் செவ்வகம் நின்றது. என் அன்னை அதைப் பார்த்துவிட்டு, "மடக்கிட்டா படம் மாட்டுன மாதிரியே இருக்குடா" என்றார். மாலேவிச்சின் பெயரோ ரோத்செங்கோவின் பெயரோ அவருக்குத் தெரியாது.

நண்பர்களே! நாளை நம்மில் பலர் வேலைக்குச் செல்வோம். வீடு கட்டுவோம், அல்லது வாடகைக்குப் பிடிப்போம். சுவரை அழகுபடுத்தும் ஆசை நமக்கும் வரும், வரட்டும். வட்டமும் முக்கோணமும் மாட்டுவோம், மாட்டலாம். ஆனால் அதற்கு முன்னால் அந்த மூன்று கேள்விகளைக் கேட்போம். இது எதனால் ஆனது? எப்படி இணைந்திருக்கிறது? யாருக்குப் பயன்படும்? அவற்றோடு நான்காவதாக ஒரு கேள்வியையும், பேராசிரியப் பெருமக்களின் அனுமதியோடு சேர்த்துக்கொள்கிறேன். இதைச் செய்தவர் யார்?

அந்த நான்காம் கேள்வியைக் கேட்கும் வீட்டில், சுவர் வெறுமையாக இருந்தாலும் அது அழகான வீடே.